விருப்பத்துடன் இணைந்தது

பர்னபி, கனடா
ஆகஸ்ட் 5, 1996

டோங்,

இதை எழுதுகிறவள் பேய் இல்லை. உன் அக்காதான்.  

இன்று காலை தபால்காரர் கனமான ஒரு பொட்டலத்தை நீட்டினார். என் பழைய ரிச்மண்ட் வீட்டு முகவரியை யாரோ அடித்துவிட்டு இந்த முகவரியை எழுதியிருந்தார்கள். அதற்கு மேலே அச்சடித்த எழுத்தில், 'மறைந்த யாவ் லாய்-கூன் அம்மையாரின் குடும்பத்தாருக்கு' என்று இருந்தது. எனக்கு இங்கே குடும்பத்தார் என்று ஒருவரும் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆகவே எனக்கு வந்த அனுதாபத்தை நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

உள்ளே சிங் ஹோய் தொலைக்காட்சியின் முப்பதாண்டு வரலாறு. வழவழப்பான தாள், தங்க எழுத்து, தொகுப்பாசிரியர் என்று உன் பெயர். நவம்பர் விழாவுக்கு முன் பழைய ஆட்களுக்கு அனுப்பும் பிரதியாம், பிழை இருந்தால் தெரிவிக்க வேண்டுமாம். பிழை இருக்கிறது, டோங். 'நம்மைப் பிரிந்தவர்கள்' என்ற பக்கத்தில், இரண்டாவது வரிசையில், வெள்ளைப்பூ வட்டத்துக்குள் நான் இருக்கிறேன்.

முதலில் வேறு யாரோ என்று நினைத்தேன். பெயரைப் படித்தேன். மறுபடி படித்தேன். பிறகு அடுப்பில் வைத்திருந்த கஞ்சி தீய்ந்த வாசனை வந்தது. செத்தவளுக்குக் கஞ்சி தீயாது என்று ஒரு தைரியம் வந்து, நம்முடைய மேக்கப் ஆ சுன்னுக்குப் போன் போட்டேன்.

"யாரு?"

"நான்தான், லாய்-கூன்."

 அவள் மெல்ல, "அக்கா, உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க. துணியா, வீடா, காரா? நாளைக்கே காகிதத்துல செஞ்சு எரிச்சு மேலோகத்துக்கு அனுப்பிடறேன். இந்தப் பக்கம் மட்டும் வந்துடாதீங்க."

"எனக்கு ஒண்ணும் வேணாம்டி. நான் உயிரோடதான் இருக்கேன்."

"எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்வாங்களாம்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

அந்தப் படம் உனக்கு எங்கே கிடைத்தது என்று தெரிந்துவிட்டது. எழுபத்து மூன்றில் எடுத்த தொடரில் செத்துப்போன மாமியார் படம் ஒன்று சுவரில் மாட்ட வேண்டியிருந்தது. எந்த நடிகையும் தன் படத்தைத் தர மாட்டேன் என்றாள். 'சரி, என் படத்தை மாட்டுங்கடா' என்றேன். கறுப்புச் சட்டத்தோடு அதே படம். எடுத்துப் போடும்போது உனக்குச் சிரிப்பாக இருந்திருக்கும்.

நீ என்னைக் கொன்றதைக்கூட மன்னித்துவிடுவேன். ஆனால் எழுபத்தெட்டாம் பக்கத்தை மன்னிக்க மாட்டேன். '1984: ஹாங் லாம் ஸ்டூடியோ விருப்பத்துடன் சிங் ஹோய் குடும்பத்தில் இணைந்தது.' விருப்பத்துடன். குன் டோங் பகுதியில் பேட்டரி ஆலைக்குக் கீழே இடம் பிடித்து அந்த ஸ்டூடியோவைத் தொடங்கியவள் நான். சிங் ஹோயிடம் ஒளிபரப்புக் கோபுரம் இருந்தது, காட்ட நாடகம் இல்லை. எங்களிடம் நாடகம் இருந்தது, கோபுரம் இல்லை. நாங்கள் எடுத்தோம், அவர்கள் காட்டினார்கள். பிறகு எங்களையே விழுங்கினார்கள். எங்கள் நிர்வாகக் குழுவில் விற்பதா என்ற ஓட்டு இரண்டுக்கு இரண்டு என்று நின்றபோது ஐந்தாவதாகத் தூக்கிய கை உன்னுடையது. அந்தக் கையாலேயே இதையும் எழுதியிருக்கிறாய்.

நவம்பரில் அச்சாகும் புத்தகத்தில் அந்தச் சொல் இருக்கக் கூடாது. நான் உயிரோடு இருப்பதைப் போடுகிறாயோ இல்லையோ, அது உன் இஷ்டம்.

லாய்-கூன்

*

ஹாங்காங்
ஆகஸ்ட் 19, 1996

அக்கா,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நலமா என்று கேட்டால் நீ அடிப்பாய்.

செத்தவர்கள் வீடு திரும்பும் பேய் மாதம் பிறந்து மூன்றாம் நாள் உன் கடிதம் வந்தது. உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் கத்திவிட்டேன். சியூ-ஃபோங் அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள். என்னைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவளும் உன் கையெழுத்தை அறிவாள். "பிரிக்காதீங்க," என்றாள். "மாசம் முடியட்டும். அவங்க படத்துக்கு முன்னாலயே வச்சிடுங்க." உன் கடிதத்தை உன் படத்துக்கு முன்னாலேயே, ஆரஞ்சுப் பழத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டோம். நாள் முழுக்க அது அங்கேயே இருந்தது. மறுநாள் அவள் சந்தைக்குப் போன நேரத்தில் பிரித்தேன். முதல் வரியைப் படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ நினைப்பது போல எனக்குச் சிரிப்பு வரவில்லை, அக்கா. நீ இறந்துவிட்டாய் என்று நான் நம்பினேன். போன டிசம்பரில், குளிர்காலத் திருநாளுக்கு முந்தின வாரம், ரிச்மண்டிலிருந்து நம் பழைய லைட்மேன் குவோக் போன் செய்தார். தொழில் கதை, மழைக் கதை எல்லாம் பேசிவிட்டு, "உங்க அக்காகூடப் போயிட்டாங்க, தெரியுமில்ல?" என்றார்.  "எப்போ?" என்றேன். "போன மாசம். தூக்கத்துக்குத் தொந்தரவு இல்லாத எடமா வேணும்னு சொல்லிட்டே இருந்தாங்க, பாவம், கெடச்சிருச்சு," என்றார். அதன் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. இப்போது புரிகிறது. நீ வீடு மாறிப் போனதைச் சொல்லியிருக்கிறார்.

அன்றிலிருந்து அம்மா படத்துக்குப் பக்கத்தில் உனக்கு ஊதுபத்தி ஏற்றுகிறேன். கல்லறைத் திருநாளான சிங் மிங் அன்று காகிதத்தில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டி செய்து எரித்தேன், பெரிய திரை. 'நம்ம சேனலைப் பார்க்க மாட்டாங்க, பார்த்தாலும் திட்டத்தான் பார்ப்பாங்க' என்று சியூ-ஃபோங் சொன்னாள். உன்னுடைய படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. எண்பத்து நாலில் அவற்றை நான் என்ன செய்தேன் என்று நீ கேள்விப்பட்டிருப்பாய். அதனால்தான் ஸ்டூடியோவின் நாடகச் சாமான் அறைக்குப் போனேன். சட்டம் போட்டபடியே நீ அங்கே தொங்கிக்கொண்டிருந்தாய். பொருத்தமாக இருக்கிறதே என்று நினைத்து அழுதேன். புத்தகத்துக்கும் அதையே கொடுத்தேன்.

அந்தச் சொல்லைப் பற்றி. அதை எழுதியது நான்தான். முதலில் 'கடும் தகராறுக்குப் பின்' என்று எழுதியிருந்தேன். நீ போய்விட்டாய் என்று நினைத்த பிறகு, செத்தவளைப் பற்றித் தகராறு என்று எழுதுவது நன்றாக இல்லையே என்று மாற்றினேன். மரியாதைக்காகச் செய்தேன். வேறு ஒன்றுமில்லை.

படத்தை இப்போது எப்படி இறக்குவது என்று கோவிலில் கேட்டோம். இப்படி ஒருவரும் இதுவரை கேட்டதில்லையாம்.

உன் தம்பி

*

பர்னபி
ஆகஸ்ட் 30, 1996

டோங்,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். தொலைக்காட்சிப் பெட்டி எரித்த இடத்தில் வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு ஒன்று உறைத்தது. அதற்குப் பிறகு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

குவோக் வாய் குளறினார், சரி. 'போயிட்டாங்க' என்றால் யாருக்கும் பதறத்தான் செய்யும். ஆனால் நான் செத்துவிட்டேன் என்று கேட்ட பிறகு நீ ஒரு டிக்கெட் எடுத்து வந்தாயா? எப்படிச் செத்தாள் என்று கேட்டாயா? எங்கே புதைத்தார்கள் என்றாவது கேட்டாயா? கேட்டிருந்தால் குவோக், 'யோவ், அவங்க பர்னபிக்குப் போயிருக்காங்க' என்று சொல்லியிருப்பார். ஒரே ஒரு கேள்வி. அதைக்கூடக் கேட்காமல் எட்டு மாதம் ஆரஞ்சு வைத்திருக்கிறாய்.

நான் அதிர்ந்துபோனது புத்தகத்தைப் பார்த்து இல்லை என்று இப்போது தெரிகிறது. கூடப் பிறந்தவள் எங்கே கிடக்கிறாள் என்று தெரிந்துகொள்ளாமல் உன்னால் இருக்க முடிந்திருக்கிறது. அதுதான்.

மரியாதைக்காக எழுதினாயாம். உயிரோடு இருந்தவளிடம் அந்த மரியாதை இல்லையே. எனக்கு உன் ஊதுபத்தி வேண்டாம். அந்தச் சொல்லை எடு.

லாய்-கூன்

*

ஹாங்காங்
செப்டம்பர் 20, 1996

அக்கா,

நான் ஏன் கேட்கவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கேட்டால் உறுதியாகிவிடும் என்று பயம். அதோடு, 'நீங்க அவங்க தம்பியாச்சே, உங்களுக்கே தெரியாதா?' என்று குவோக் திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்ற வெட்கம். வேறு காரணம் இல்லை. இது போதாது என்றும் எனக்குத் தெரியும்.

உன் விஷயத்தை எடுத்துக்கொண்டு புதிய தலைவர் டிங்கைப் பார்க்கப் போனேன். சிங் ஹோயை வாங்கியவர். கட்டடம் கட்டி விற்றவர், நாடகம் பார்க்காதவர். என்னை உட்காரச் சொல்லி, தேநீர் ஊற்றச் சொல்லி, பொறுமையாகக் கேட்டார்.

"உயிரோட இருக்காங்களா? சந்தோஷமான செய்தியாச்சே," என்றார். "மொகத்து மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடுங்க. தங்கக் கலர்ல, முப்பதுன்னு போட்டு. யாருக்கும் தெரியாது."

"சார், எழுபத்தெட்டாம் பக்கத்துல ஒரு சொல்லையும் மாத்தணும்."

"எந்தச் சொல்லு?"

சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாவ், கம்பெனி வரலாறுங்கிறது கல்யாண போட்டோ மாதிரி. பொண்ணு அழுதாளா, மாப்பிள்ளை குடிச்சிருந்தானான்னு யாரும் அதுல எழுத மாட்டாங்க. குன் டோங் ஸ்டூடியோவை இடிச்சு நாம வீடு கட்டப் போறோம். இந்த நேரத்துல அங்க சண்டை நடந்ததுன்னு எழுதினா, வாங்குறவன் வாஸ்து பார்க்க ஆரம்பிச்சிடுவான்."

"அவங்க எதிர்த்து ஓட்டுப் போட்டாங்க சார். அது நடந்தது."

"நீங்க எப்படிப் போட்டீங்க?"

நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். அவர் சிரித்தார். "அப்போ உங்களுக்கு விருப்பம் இருந்துச்சுல்ல? குடும்பத்துல ஒருத்தருக்கு இருந்தா போதும். சொல் சரியாத்தான் இருக்கு."

ஸ்டூடியோவை இடிக்கப் போகிறார்கள் என்பது எனக்கும் அந்த அறையில்தான் தெரிய வந்தது. 

ஒன்றை உன்னிடம் மறைக்க மாட்டேன். எண்பத்து நாலில் நான் கை தூக்கியது தப்பு என்று இன்றும் நான் நினைக்கவில்லை. உன் கேமராக்கள் கிழடாகிவிட்டன. அன்று விற்காமல் இருந்திருந்தால் அடுத்த வருடம் அத்தனை பேரும் தெருவுக்கு வந்திருப்பார்கள். இன்று கேட்டாலும் தூக்குவேன். ஆனால் நீ விருப்பப்பட்டாய் என்பது பொய். இரண்டையும் ஒன்றாக வைத்து என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

டோங்

*

பர்னபி
அக்டோபர் 7, 1996

டோங்,

ஸ்டிக்கரா? முதலில் சுடுகாட்டுப் பக்கம், பிறகு மூஞ்சியில் ஸ்டிக்கர். அந்த ஆளிடம் கேளு, நான் என்ன விலை குறைத்த பால் டப்பாவா என்று.

இடிக்கட்டும். சுவர் போனால் போகட்டும். நீ கை தூக்கியதற்காக நான் ஊரை விட்டுப் போனேன் என்று எல்லோரும் நினைக்கிறீர்கள். நீயும் அப்படித்தான் நினைக்கிறாய். கை தூக்கியதற்கு மறுநாளும் நான் வேலைக்கு வந்தேனே, மறந்துவிட்டதா? கணக்குப் பார்த்தால் நீ சொன்னது சரிதான் என்று அப்போதே தெரியும். எனக்குக் கோபம் இருந்தது, ஆனால் வந்தேன்.

ஹாங் லாமில் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். செத்தவராக யார் நடித்தாலும், காட்சி முடிந்ததும் கேமராவை நிறுத்தக் கூடாது. அவர் எழுந்து, லென்ஸை நேராகப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். சாவு ஒட்டாதிருக்க, பணம் வைத்த ஒரு சிவப்பு உறையைக் கையில் கொடுப்போம். அப்புறம்தான் விளக்கை அணைப்போம். மற்ற ஸ்டூடியோக்களில் உறையோடு சரி. சிரிப்பு எங்களுடையது. கிழவர் வோங் சிரிக்கத் தொடங்கினால் நிறுத்தவே மாட்டார், மொத்தக் கூடமும் சேர்ந்து சிரிக்கும்.

சிங் ஹோய் வந்து இரண்டாவது வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை. நாடா வீணாகிறது, சிரிப்பை நிறுத்தவும். அன்று கிழவர் வோங் பிணமாக நடித்தார். 'கட்' என்றார்கள், விளக்கு அணைந்தது. அவர் இருட்டில் சவப்பெட்டிக்குள் எழுந்து உட்கார்ந்து, "கூன் அக்கா, நான் இன்னும் சிரிக்கலியே," என்றார். ஒருவரும் விளக்கைப் போடவில்லை. நான் அன்றே கிளம்பினேன். அந்தச் சுற்றறிக்கையில் யார் கையெழுத்து இருந்தது என்று நான் பார்க்கவில்லை. வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை.

எழுபத்து மூன்றில் என் படத்தை மாட்டியபோது எனக்கு யாரும் உறை தரவில்லை, சிரிக்கவும் சொல்லவில்லை. முதலாளிக்கு யார் தருவது. ஆக, உங்கள் கணக்குப்படி நான் அன்றிலிருந்தே செத்தவள்தான் போலிருக்கிறது.

கடைசியாகச் சொல்கிறேன். அந்தச் சொல்லோடு புத்தகம் வந்தால், எனக்கு எழுதாதே. நான் அந்தப் பூ வட்டத்துக்குள்ளேயே இருந்துகொள்கிறேன். நீ ஆரஞ்சு வைத்துக்கொண்டிரு.

லாய்-கூன்

*

பர்னபி
நவம்பர் 21, 1996

டோங்,

யாருக்கு எழுதுகிறேன் என்று தெரியாமல் எழுதுகிறேன். சியூ-ஃபோங் பிரித்துப் படிப்பாள் என்றால் படிக்கட்டும்.

ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நான்தான் எழுதாதே என்றேன், ஆனால் நீ என்றைக்கு என் பேச்சைக் கேட்டாய்? நேற்று மனம் கேட்காமல் உன் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். பன்னிரண்டு வருடத்தில் முதல்முறை. சின்னப் பெண் ஒருத்தி எடுத்தாள்.

"வரலாற்றுப் பிரிவு யாவ் சார் இருக்காரா?"

"யாவ் சாரா? அவர் போயிட்டாருங்களே," என்றாள். "போன வெள்ளிக்கிழமை. திடீர்னு. எங்களுக்கே அதிர்ச்சியா இருக்கு. நீங்க யாருங்க பேசறது?"

நான் வைத்துவிட்டேன், டோங். கை தானாக வைத்துவிட்டது. அந்தப் பெண் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். வெளியே மழை. பக்கத்து வீட்டுக்காரர் இலை கூட்டிக்கொண்டிருந்தார். இவர் ஏன் இலை கூட்டுகிறார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. உனக்கு நெஞ்சுவலியா, விபத்தா, நான் எழுதிய கடைசிக் கடிதமா, எதுவும் தெரியாது. உன் வீட்டு எண் என்னிடம் இருக்கிறது. போனைப் பார்க்கிறேன், எடுக்க முடியவில்லை. எடுத்தால் சியூ-ஃபோங் அழுவாள். அழுதால் உண்மையாகிவிடும். 'அக்காவாச்சே, உங்களுக்கே தெரியாதா?' என்று அவள் கேட்பாள்.

எங்கே புதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை, டோங். உன்னை அவ்வளவு பேசிவிட்டு, நானும் கேட்கவில்லை.

வீட்டில் ஆரஞ்சு இல்லை. ஆப்பிள் இருந்தது. உன் படமும் இல்லை, என்னிடம் இருந்தவற்றை நான் என்ன செய்தேன் என்று உனக்கும் தெரிந்திருக்கும். புத்தகத்தில் தொகுப்பாசிரியர் என்று சின்னதாக ஒன்று போட்டிருக்கிறாய். அதைத் திறந்து வைத்து, முன்னால் ஆப்பிளை வைத்திருக்கிறேன். நீ அதில் சிரிக்கவில்லை.

அந்தச் சொல் இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு வேண்டாம் அது. நான் விருப்பப்பட்டேன் என்றே எழுதிக்கொள்.

அக்கா

*

ஹாங்காங்
டிசம்பர் 2, 1996

அக்கா,

நான் உயிரோடு இருக்கிறேன்.

உன் கடிதத்தை சியூ-ஃபோங்தான் முதலில் பிரித்தாள். பாதியில் நிறுத்தி என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். "உங்க குடும்பத்துல ஒருத்தருக்காவது ரெண்டாவது கேள்வி கேக்கத் தெரியாதா?" என்றாள். பிறகு என் தோளில் தலையை வைத்து அழுதாள்.  ஆப்பிளா வைத்தாய் எனக்கு?

அந்தப் பெண் சொன்னது, நான் வேலையை விட்டுப் போனதை. போன் செய்ய நினைத்தேன். என் குரலைக் கேட்டு நீ என்ன வேண்டும், காரா வீடா என்று கேட்டுவிடுவாய் என்று பயந்து எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். கடைசி அச்சுப்படி என் மேஜைக்கு வந்தது. தலைவர் கையெழுத்துப் போட்டு, ஸ்டிக்கர் எங்கே ஒட்டுவது என்று அம்புக்குறிகூட வரைந்திருந்தார். எழுபத்தெட்டாம் பக்கத்தைத் திறந்தேன். 'விருப்பத்துடன்' என்பதை அடித்தேன். அடித்த பிறகும் 'இணைந்தது' என்று இருந்தது. அதுவும் பொய்யாகத் தெரிந்தது. அதையும் அடித்து 'இணைக்கப்பட்டது' என்று எழுதினேன். கீழே ஒரு வரி சேர்த்தேன்: 'நிறுவனர் யாவ் லாய்-கூன் எதிர்த்து வாக்களித்தார். அவர் தம்பி ஆதரித்து வாக்களித்தார். இருவரும் உயிருடன் இருக்கிறார்கள்.' உன்னைப் பூ வட்டத்திலிருந்து எடுத்து, சட்டத்தை வெட்டிவிட்டு, அந்த வரிக்குப் பக்கத்தில் போட்டேன். நானே அச்சகத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். திரும்பி வந்து அலுவலக அட்டையை மேஜையில் வைத்தேன்.

தலைமை அலுவலகத்தில் யாரும் அந்தப் புத்தகத்தைப் படிப்பதில்லை, அக்கா. அந்த ஒன்றைத்தான் நம்பினேன். விழாவில் மேஜைக்கு மேஜை புத்தகம் வைத்தாயிற்று. வறுத்த பன்றி வெட்டி முடிப்பதற்குள் மேக்கப் ஆ சுன் எழுபத்தெட்டாம் பக்கத்தைக் கண்டுபிடித்து, "அடிப்பாவி, நெஜமாவே உயிரோடதான் இருக்கா" என்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாளாம். டிங் அப்போதுதான் புத்தகத்தைத் திறந்தாராம். வக்கீல் கடிதம் வரும் என்கிறார்கள். வரட்டும்.

அந்தச் சுற்றறிக்கையில் யார் கையெழுத்து என்று நீ பார்க்கவில்லை. நான் போய்ப் பார்த்தேன். அதற்கு மேல் கேட்காதே. இந்த ஒன்றை மட்டும் இரண்டு பேருமே கேட்காமல் விட்டுவிடுவோம்.

இத்துடன் ஒரு சிவப்பு உறை இருக்கிறது. எழுபத்து மூன்றில் வர வேண்டியது. எனக்கும் ஒன்று நீ தர வேண்டும், ஆப்பிள் வைத்துவிட்டாய். கேமரா கடன் வாங்கியிருக்கிறேன். நாம் இருவரும் லென்ஸைப் பார்த்துச் சிரிக்கும் வரை சியூ-ஃபோங் அதை நிறுத்த மாட்டாள்.

கடைசி நாள் வாசலில் காவலாளி, "போறீங்களா சார்?" என்று கேட்டார். "போறேன்," என்றேன். பன்னிரண்டு வருடத்தில் அவரிடம் ஒருமுறைகூட அப்படிச் சொன்னதில்லை.

உனக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். டிக்கெட் எடுத்தாயிற்று.

வரேன், அக்கா.

டோங்